50,000 ரூபா பரிசு அறிவித்தேன், யார்டே வாயை மூடிக்கொண்டது

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): சீனக்குடாப் பக்கம் அப்பா தொடங்கிய பைபர் போட் யார்டை மூன்று வருசமாக நான் நடத்துகிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். பத்தொன்பதரை அடி மீன்பிடிப் போட்தான் எங்களுக்குச் சோறு. மேட் என்கிற பைபர் நார் விரிப்பை ஒட்டுகிற இரண்டு குழுவுக்கும் கொந்தராத்து, ஒரு போட்டுக்கு இவ்வளவு என்று. கணக்குப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபா அளவில் விழும். மற்றவர்களுக்கு நாட்சம்பளம். புறாத்தீவுக்குப் போகிற சுற்றுலாக்காரருக்காக, அடியில் கண்ணாடி வைத்த போட் ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். இரண்டு வருசத்தில் மூன்று செய்தோம். மூன்றிலும் கண்ணாடி ஓரத்தால் தண்ணீர் வந்தது. சாமானுக்கு மட்டும் 9 லட்சம் போய்விட்டது. நல்ல யோசனைக்கு 50,000 ரூபா பரிசு என்று அறிவித்தேன். மூன்று துண்டுதான் வந்தது, அதிலும் ஒன்றில் மின்விசிறி கேட்டிருந்தார்கள். ஒருவருக்குப் பரிசைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யார்டில் கதையே குறைந்துவிட்டது. 61 வயதான மூத்த கைவினைஞர், நாங்கள் பெரிய பாஸ் என்று கூப்பிடுகிறவர், ஒருவருக்கும் வேலை சொல்லிக்கொடுக்கிறார் இல்லை. கேட்டால் "கை பழகவேணும் பிள்ளை" என்பார். பரிசுத் தொகையைக் கூட்டவா? பாஸுக்குத் தெரிந்ததை எல்லாம் ஏற்றி வைக்க ஒரு மென்பொருள் வாங்கச் சொல்கிறார் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த என் மச்சான். வாங்கவா?

— ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பரிசைக் கூட்டவும் வேண்டாம், மென்பொருள் வாங்கவும் வேண்டாம். முதலில் உங்கள் சம்பளக் கொப்பியைத் திறந்து வையுங்கள். கண்ணாடி போட்டில் வருகிற தண்ணீர் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் குழுவில் இருக்கும் ஒருவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதரை அடி போட் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மோல்ட் என்கிற அச்சு இருக்கிறது, மெழுகு பூசி, ஜெல்கோட் என்கிற மேற்பூச்சு அடித்து, மேட் போட்டு, ரோலர் ஓட்டினால் போட் வந்துவிடும், காசும் வந்துவிடும். கண்ணாடி போட் அப்படியா? அளந்து, வெட்டி, திரும்ப வெட்டி, ஒட்டி, கடலில் இறக்கி, தண்ணீர் வந்து, கழற்றி, மறுபடியும் ஒட்டவேண்டும். அந்த நாட்களுக்கு யார் காசு கொடுத்தது? நீங்கள் அதை எழுதவில்லை. கொந்தராத்து முறையில் அந்த நாட்கள் அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும். இந்த நிலைமையில் ஒருவர் நல்ல யோசனை சொன்னால் நீங்கள் "சரி, செய்து பார்" என்பீர்கள். செய்து பார்க்கிற பத்து நாளும் அவர் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவருக்கு லாபம். ஐம்பதாயிரம் என்ன, ஒரு லட்சம் என்று அறிவித்தாலும், 22 பேரில் ஒருவருக்குக் கிடைக்கலாம் என்கிற லட்சத்தை நம்பிப் பத்து நாள் கூலியை யாரும் விடமாட்டார்கள்.

இதற்காக அப்பா செய்தது பிழை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற இடத்தில் கொந்தராத்து நன்றாகவே வேலை செய்யும். அமெரிக்காவில் கார்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொடுக்கும் சேஃப்லைட் என்ற நிறுவனம் 1994, 1995 அளவில் மணிக்கூலியை விட்டுவிட்டு, மாற்றுகிற கண்ணாடிக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது. ஒரு தொழிலாளி ஒரு நாளில் முடிக்கும் வேலை 44 சதவீதம் கூடியது. எட்வர்ட் லாசியர் என்ற பொருளியலாளர் அந்தக் கணக்கை ஆராய்ந்தார். அதில் ஏறத்தாழப் பாதி, இருந்த ஆட்களே கெதியாகச் செய்ததால் வந்தது. மீதி, கெட்டிக்கார ஆட்கள் வந்து சேர்ந்து நிலைத்ததால் வந்தது. ஆகவே மீன்பிடிப் போட்டுக்குக் கொந்தராத்தை அப்படியே வைத்திருங்கள்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு, நம்முடைய கரையில் அதை எல்லோரும் கண்டிருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை போட் கொடுத்தோம் என்று எண்ணிக் காட்டுகிற அவசரத்தில் கட்டப்பட்டவற்றில் எத்தனை தரம் கெட்டவை! எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கை வரும். புதிதாக ஒன்று கண்டுபிடிக்கிற வேலைக்கு எண்ணிக்கையே கிடையாது. முதல் மூன்றும் தோற்கத்தான் செய்யும்.

இதை வடிவாகக் காட்டுகிற ஒரு பரிசோதனை இருக்கிறது. ஃப்ளோரியன் எடரர், குஸ்தாவோ மான்சோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து, 2013இல் வெளியிட்டார்கள். கணினியில் ஒரு எலுமிச்சைச் சாறு கடை. நீங்கள்தான் முதலாளி. எங்கே கடை போடுவது, என்ன விலை, எவ்வளவு சீனி என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்கவேண்டும். மொத்தம் 20 சுற்று. ஒரு கூட்டத்துக்கு நிலையான சம்பளம். இன்னொரு கூட்டத்துக்கு 20 சுற்று லாபத்திலும் பாதி. மூன்றாவது கூட்டத்துக்குக் கடைசி 10 சுற்றின் லாபத்தில் மட்டும் பாதி. முதல் பத்தில் எவ்வளவு தோற்றாலும் அவர்கள் பையில் ஒன்றும் குறையாது. நல்ல இடத்தை யார் அதிகம் கண்டுபிடித்தது தெரியுமா? மூன்றாவது கூட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் லாபப் பங்கு வாங்கினவர்கள் முதலில் நின்ற இடத்துப் பக்கத்திலேயே சீனியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நின்றார்கள். நிலையான சம்பளக்காரரை விடவும் அவர்கள் பின்தங்கினார்கள்.

கொந்தராத்துக் குழு இந்த இரண்டாவது கூட்டம். அவர்களை மூன்றாவது கூட்டமாக மாற்றுவதுதான் உங்கள் வேலை, அதுவும் கண்ணாடி போட்டுக்கு மட்டும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். நான்கு பேரைத் தெரிவு செய்யுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் உழைத்ததன் சராசரியை எடுத்து, கண்ணாடி போட்டில் நிற்கிற நாளுக்கெல்லாம் அதை நாட்சம்பளமாகக் கொடுங்கள். போட் மிதந்தாலும் சரி, தாண்டாலும் சரி. ஆளுக்கு 5,000 என்றால் நான்கு பேருக்கு 30 நாளுக்கு 6 லட்சம். பெரிய காசுதான், தெரியும். ஆனால் ஒருவரும் மனம் வைக்காத மூன்று போட்டுக்கு 9 லட்சம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். இந்த 6 லட்சத்தையும் ஒரேயடியாக இறைக்கத் தேவையில்லை, அதைக் கீழே சொல்கிறேன். ஒன்று மட்டும்: குழுவில் வேலை குறைந்த ஆட்களைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். முதலாளிமார் எல்லோரும் செய்கிற பிழை அது. ஓடர் நெருக்கும்போது நல்ல ஆட்களைப் புது வேலைக்கு விட மனம் வராது.

பரிசு ஏன் கதையைக் குறைத்தது என்று எனக்கு விளங்குகிறது, ஏனென்றால் அந்தக் குழியில் நானும் விழுந்தவன். இளம் வயதில் கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். யோசனைப் பெட்டி ஒன்றை நான்தான் மாட்டினேன், பொருத்தமான யோசனைக்குக் காசு என்று. முதல் மாதம் பெட்டி நிரம்பி வழிந்தது. இரண்டாம் மாதம் ஒரே மெசினில் வேலை செய்த, ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட இரண்டு பேர் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தேத்தண்ணி நேரத்தில் சொன்னதை மற்றவர் எழுதிப் போட்டுப் பரிசு எடுத்துவிட்டாராம். உண்மையில் அது யாருடைய யோசனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்கும்போது பிறந்ததை எப்படி ஒருவருக்கு எழுதுவது? பெட்டியைக் கழற்றினேன். அவர்கள் கதைக்கவில்லை.

உங்கள் யார்டிலும் அதே கதை நடந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். பரிசு வாங்கியவரை ஒருபுறம் விடுங்கள். வாங்காத 21 பேரும் அடுத்த முறை தேத்தண்ணி நேரத்தில் என்ன கதைப்பார்கள், எதை வாய்க்குள் வைத்துக்கொள்வார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று இருக்கிறது, கோபிக்கவேண்டாம். கொந்தராத்து ஆட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. துண்டுக்கூலிக்கு வேலை செய்கிறவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்கள்தான். சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், உங்கள் பங்கு 12, அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடத்தில் ஐந்து வருசம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் உண்டு. நீங்கள் 22 பேர். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் பரிசு அறிவித்தால் யார்டில் என்ன சிரிப்பு சிரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்றால் இந்தப் பந்தியை மறந்துவிடுங்கள்.

இனிப் பெரிய பாஸுக்கு வருவோம். அவரிடம்தான் உங்கள் யார்டின் உண்மையான சொத்து இருக்கிறது. நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத் தளத்தில் வேலை பழகிய ஒருவரிடம் பழகியவர் அவர் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும். வடக்கு கிழக்கில் பைபர் வேலை பெரும்பாலும் இப்படித்தான் கைக்குக் கை நடந்து வந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை, யுத்தத்தில் ஆட்கள் சிதறியபோது வேலையும் அவர்களோடு சிதறியது.

அவருக்குத் தெரிந்தது என்ன? நாளைக்கு யார்டுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், மேட்டை நனைத்து ஒட்டுகிற ரெசினுக்கு, அதை இறுகவைக்கிற ஹார்ட்னரை அவர் ஊற்றுகிற அளவும், வாடையில் ஊற்றுகிற அளவும் ஒன்றாக இருக்காது. டப்பாவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராமா 20 கிராமா என்பது அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது. கச்சான் வெக்கையில் 20 போட்டால், மேட் நனைந்து முடிவதற்குள் வாளியிலேயே இறுகிப் புகையத் தொடங்கும். மழைநாளில் குறைத்துப் போட்டால் பிசுபிசுப்பு போகாது. அவர் வானத்தைப் பார்ப்பார், வாளியின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், ஊற்றுவார். அப்புறம், போட் மோல்டை விட்டு வந்தபிறகு ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை எடுத்து அடிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போவார். டிண் டிண் என்று போகும். ஓரிடத்தில் டொப் என்று செத்த சத்தம் கேட்கும். அந்த இடத்தில் நின்று சோக்கால் வட்டம் போடுவார். உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது, அல்லது அடுக்கு ஒட்டவில்லை. பக்கத்தில் நிற்கிற பெடியனுக்கு இரண்டு சத்தமும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

இதை எந்த மென்பொருளில் ஏற்றுவீர்கள்? "கை பழகவேணும்" என்று அவர் சொல்வதைச் சாட்டு என்று எண்ணுகிறீர்கள். பாதி சாட்டுத்தான், மறுபாதி உண்மை.

ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனம் வீட்டில் பாண் சுடும் மெசின் ஒன்றைச் செய்யப் பார்த்தது, 1980களின் நடுவில். தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. கடைசியில் இக்குகோ தனாக்கா என்ற பெண், மென்பொருள் எழுதுகிறவர், ஒசாகாவில் நல்ல பாணுக்குப் பேர்போன ஹோட்டலின் தலைமைப் பேக்கரிடம் போய் மாவு பிசையப் பழகினார். பேக்கர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் முறுக்குகிறார் என்பதை அங்கேதான் கண்டார். அந்த முறுக்கு வருவதற்காக மெசினுக்குள் வரி வரியாக மேடு வைத்தார்கள், பாண் சரியானது. இக்குஜிரோ நொனாக்கா என்ற பேராசிரியர் இந்தக் கதையைச் சொல்லித்தான், நிறுவனங்களில் இருக்கிற சொல்லத் தெரியாத அறிவைப் பற்றி உலகத்தைக் கதைக்க வைத்தார். எனக்கு இதில் பிடித்தது, பேக்கரை யாரும் எழுதித் தரச்சொல்லிக் கேட்கவில்லை என்பது. படித்த ஆள்தான் போய் மாவில் கையை வைத்தார். உங்கள் மச்சான் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்து ரோலர் பிடிக்கத் தயார் என்றால், அவருடைய மென்பொருளைப் பற்றி அப்புறம் கதைக்கலாம்.

சரி, சாட்டான பாதிக்கு என்ன செய்வது? அவர் ஏன் ஒளிக்கிறார் என்று கேளுங்கள். 61 வயது. கைதான் அவருடைய பென்சன். பெடியன் பழகிவிட்டால் கெதியான பெடியனுக்கே கொந்தராத்து போகும். அவர் நிலையில் நான் இருந்தாலும் சொல்லிக்கொடுக்கமாட்டேன். ஆகவே முதலில் அந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள். இன்ன வயதுவரை வேலை உறுதி, கொந்தராத்துக்குப் பதிலாக மாதச் சம்பளம், அதற்குமேல் பழக்குகிற படி என்று கடுதாசியில் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுங்கள். படியை மாதாமாதம் சும்மா கொடுக்காமல், அவரிடம் பழகிய பெடியன் தனியாக ஒரு போட்டை முடித்து, அந்தப் போட் குற்றித் தட்டலில் தேறும்போது கொடுங்கள். தட்டுகிறவரும் அவரேதான். பொய்யாகத் தேறவிடுவாரோ என்று பயப்படவேண்டாம், அப்படிப்பட்ட ஆள் செத்த சத்தத்துக்கு டிண் என்று சொல்லமாட்டார்.

அவரை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு சின்னத் தந்திரம் சொல்கிறேன், எனக்குப் பல இடத்தில் பலித்தது. பழகுகிற பெடியனைக் கொண்டு, தனக்குத் தெரிந்த மட்டில் ஹார்ட்னர் அளவை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி, பாஸின் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நிச்சயம் பிழையாக இருக்கும். கேட்டால் சொல்லாத மனிசன், பிழையைக் கண்டால் பொறுக்கமாட்டார். "ஆரடா இதை எழுதினது?" என்று தொடங்குவார். அந்த நேரம் போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள், அவருக்குத் தெரிந்தே.

ஒரே ஒரு விசயத்தை மட்டும் எந்தத் தந்திரத்துக்கும் விடாமல் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள். ஹார்ட்னரையும், ரெசின் கெதியாக இறுகுவதற்குப் போடுகிற கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, வெடிக்கும். முடுக்கியை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர். பழைய ஆட்களுக்கு இது மூச்சு விடுவதுபோல், அதனால்தான் புது ஆளுக்குச் சொல்ல மறந்துபோகும்.

மென்பொருளுக்குப் பதிலாக என்ன? ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி, அட்டை போட்டு, மோல்டுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிவிடுங்கள். திகதி, காற்று என்ன, என்ன செய்தோம், என்ன பிழைத்தது, யார் சொன்னது. கடைசியில் வருகிற அந்த "யார் சொன்னது" கட்டாயம் வேண்டும். போட்டோகொப்பி மெசின் செய்கிற செரொக்ஸ் நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980களில் பழுது பார்க்கிறவர்களோடு கூடவே திரிந்தார். தடித்த தடித்த கைநூல்கள் இருந்தும், அவர்கள் உண்மையில் வேலை பழகியது சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளில் என்று கண்டார். பிற்பாடு அந்த நிறுவனம் 'யுரேகா' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பழுது பார்க்கிறவர் தான் கண்ட குறிப்பை அனுப்புவார், கைதேர்ந்த சக தொழிலாளர்கள் அதைப் பார்த்துச் சரி என்றால் எல்லோருக்கும் போகும். குறிப்புக்குக் காசு கொடுப்பதா என்ற கதை வந்தபோது அவர்கள் விரும்பியது, குறிப்போடு தங்கள் பெயர் போகவேண்டும் என்பதையே. காசு கொடுத்திருந்தால் எண்ணிக்கைக்காக எழுதித் தள்ளியிருப்பார்கள். பெயர் போட்டதால், பிழையானதை எழுத வெட்கப்பட்டார்கள். கொப்பியை நீங்கள் எழுதவேண்டாம், அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற பிள்ளை பின்னேரம் கால் மணித்தியாலம் வந்து, அவர்கள் சொல்ல எழுதினால் போதும்.

கொப்பியோடு சாமானையும் வையுங்கள். தண்ணீர் வந்த மூன்று போட்டிலும் கண்ணாடி ஓரத்தை ஒரு சாண் வெட்டியெடுத்து, திகதி எழுதிச் சுவரில் மாட்டியிருந்தால் இரண்டாவது போட் வேறு மாதிரி வந்திருக்கும். முதல் போட்டில் ஓரம் ஒட்டிய தம்பி கட்டார் போய்விட்டார், இரண்டாவதை வேறு ஆட்கள் புதிதாகத் தொடங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று போட் செய்தோம் என்கிறீர்கள், என் கணக்கில் நீங்கள் முதல் போட்டையே மூன்று தரம் செய்திருக்கிறீர்கள்.

அந்த ஓரத்தைப் பற்றியும் கொஞ்சம். நீங்கள் அனுப்பிய படத்தில் கண்ணாடி என்று இருப்பது அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் தகடு, போல்ட் துளையில் இருந்து நட்சத்திரம்போல வெடிப்பு ஓடுகிறது. அக்ரிலிக் சூட்டுக்கு நன்றாக நீளும். ஒரு மீட்டர்த் தகடு 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். பைபர் அதில் பாதிகூட நீளாது. நிலாவெளிக் கரையில் வெயிலில் கிடந்த போட்டைத் தண்ணீருக்குள் தள்ளினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுபடும். துளை போல்ட்டுக்கு இறுக்கமாக இருந்தால் தகடு வெடிக்கும், ஓரத்தில் இறுகிப்போகிற பசை இருந்தால் பசை விடும். துளையைப் பெரிதாக வைத்து, இழுபடக்கூடிய பாலியுரேதேன் பசை தடிப்பாக வைத்துப் பார்க்கவேண்டும். எவ்வளவு பெரிது, எவ்வளவு தடிப்பு என்பதை உங்கள் நான்கு பேரும் கண்டுபிடிப்பார்கள். அதற்கு முழுப் போட் எதற்கு? இரண்டடிச் சதுரத்தில் ஒரு பைபர்ப் பெட்டி, அடியில் தகடு. பகலில் வெயில், பின்னேரம் தண்ணீர்த் தொட்டி, உள்ளே கல்லு வைத்து அமுக்கி. இப்படி நாலைந்து பெட்டி, நாலைந்து விதமான ஓரம். சாமான் செலவு முழுப் போட்டுக்குப் போவதில் ஒரு சிறு பங்குதான், ஆட்களுக்கும் பத்து நாள் கூலி காணும். நான் சொன்ன 6 லட்சத்தில் முதலில் கையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்குதான். பெட்டி தேறாவிட்டால் மீதியைச் செலவழிக்கவே தேவையில்லை. எது உங்களைக் கவிழ்க்கிறதோ அதை மட்டும் முதலில் மலிவாகச் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடர் குறைவுதானே, மேட் ஈரம் இழுக்கிற மழைக்காலத்தில் பெரிய போட் ஒட்டுவதை விடப் பெட்டி விளையாட்டு நல்லது.

நிலாவெளியில் போட் ஓட்டுகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். போன வருசம் மருமக்களோடு புறாத்தீவுக்குப் போனபோது கண்ணாடி போட் வந்தால் வாங்குவீர்களா என்று போட்காரரிடம் கேட்டேன். "தண்ணி வாறது இருக்கட்டும் ஐயா, சனத்தின்ர கால் மண்ணை என்ன செய்யிறது?" என்றார். கடற்கரை மணல் காலோடு வரும், முழங்கால் போட்டுக் குனிந்து பார்ப்பார்கள், ஒரு சீசன் முடிவதற்குள் தகடு பால்போலக் கீறிப்போகும். உங்கள் மூன்று போட்டிலும் தகட்டைச் சுற்றி ஓர் உயர்ந்த வரம்போ, கழற்றி மாற்றக்கூடிய மேல்தகடோ இருந்ததா? ஓட்டுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாள் கூலி கொடுத்து, பெட்டியைக் காட்டித் திட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காசு. போட் விலைபோகத் தொடங்கினால் குழுவுக்கு லாபத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்லாதீர்கள். உங்கள் கணக்குக் கொப்பியை அவர்கள் பார்க்கப்போவதில்லை, லாபம் இல்லை என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். விற்கிற ஒவ்வொரு கண்ணாடி போட்டுக்கும் ஒரு நிலையான தொகை, முதல் பத்துப் போட்டுக்கு, என்று வையுங்கள். எவ்வளவு என்பது உங்கள் விலையைப் பொறுத்தது, 15,000த்துக்குக் கீழே போகவேண்டாம். அதில் ஒரு சிறு பகுதியைப் போட் கைமாறும்போது கொடுங்கள், பெரும்பகுதியை அந்தப் போட் ஒரு சீசன் தண்ணீர் வராமல் ஓடிய பிறகு. பங்கு கொப்பியில் பெயர் இருக்கிற எல்லோருக்கும், மணல்தாள் தேய்த்தவருக்கும் சேர்த்து. எப்படிப் பிரிப்பது என்பதைக் குழுவே பேசி முடிவெடுக்கட்டும், நீங்கள் அந்தச் சண்டைக்குள் போகவேண்டாம். 50,000 பரிசைத் திரும்ப அறிவிக்கவே வேண்டாம்.

சித்திரைக்குள் பெட்டி தேறாவிட்டால், அடுத்த வருசச் சீசனுக்கு இந்தப் போட்டை விட்டுவிடுங்கள். அதை இப்போதே குழுவுக்குச் சொல்லுங்கள், விட்டதற்காக ஒருவருடைய சம்பளமும் குறையாது என்பதையும் சேர்த்து.

அதற்கு முன்னால் ஒரு வேலை. கட்டாரில் இருக்கிற தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோல் எடுங்கள். முதல் போட்டில் என்ன பசை, துளை எத்தனை மில்லிமீட்டர், எந்த மூலையில் முதலில் தண்ணீர் கண்டது என்று கேளுங்கள். சொன்னதை அவருடைய பெயரோடு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், பங்கும் உண்டு என்று சொல்லுங்கள். வேலை முடிந்து அவர் அறைக்கு வர இரவு எட்டு மணி ஆகும் என்றால் நமக்குப் பத்தரை. நித்திரை கொள்ளாமல் இருங்கள்.